நானூற்றறுபது ரூபாய் உயிர்

துலுக்கானத்தின் உயிர் தன் உயிரைவிட நானூற்றறுபது ரூபாய் விலை கூடுதல் என்று தெரியவந்தபோது ஜம்புலிங்கத்தின் வாயில் பாதி இட்லி இருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னொரு தபா படி மாமே," என்றான் எதிரே குந்தியிருந்த துலுக்கானம். அவன் அடுத்த வீட்டுக்காரன். ஜம்புலிங்கத்தின் இடது கையில் அவன் பெண்டாட்டி காவ்யாவின் கடன் சீட்டு.

"கடன் அறுபதாயிரம். ஃபைல் சார்ஜ் அறுநூறு. இன்சூரன்ஸ் ஆயிரத்து நானூத்தி இருபது."

"அதான். அந்த இன்சூரன்ஸ் காவ்யாவுக்கு மட்டும் இல்லியாம். என் உசுருக்கும் சேத்துப் புடிச்சிக்கிறானுங்க. கம்பெனிக்காரன் நம்ம மேல எவ்ளோ மரியாத வெச்சிக்கிறான் பாரு."

சொல்லிவிட்டு அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். துலுக்கானத்துக்கு வேலை என்று ஒன்று கிடையாது. அவர்கள் குடியிருக்கும் சேக்காட்டுத் தெருவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஆண்பிள்ளை அவன்தான். மிச்ச நேரம் கேரம் போர்டு.

அவன் போனதும் ஜம்புலிங்கம் கை கழுவாமலே எழுந்தார். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த தன் மனைவியின் சீட்டை, நினைவில் இருந்த தொகை சரிதானா என்று உருவிப் பார்த்தார். அதே கம்பெனி, அதே அறுபதாயிரம், அதே ஃபைல் சார்ஜ்.

இன்சூரன்ஸ்: தொள்ளாயிரத்து அறுபது.

மனைவி வேம்புலியும் தெருவில் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். குழுவுக்குத்தான் கடன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் ஐந்து பேருக்கும் பணம். ஒருத்தி மாட்டேன் என்றாலும் யாருக்கும் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை பணம் வருவதாக இருந்தது. அந்தப் பணத்தை நம்பி வேம்புலி பூந்தமல்லிக் கடை ஒன்றில் பெரிய கிரைண்டருக்கு ஐயாயிரம் முன்பணம் கட்டியிருந்தாள். அவள் மாவு வியாபாரம் செய்கிறாள். இருக்கிற இரண்டு சின்ன கிரைண்டர்களில் ஒன்று போன மாதமே புகைவிட்டு ஓய்ந்துவிட்டது.

ஜம்புலிங்கத்துக்கு இப்போது கிரைண்டர் ஞாபகமே இல்லை. அவர் பூந்தமல்லி சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். பத்து வருடமாக லாரிகளை நிறுத்தி எடை சொல்லிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். இருபது கிலோ இடித்தால் டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி எடை போடுவார். அப்படிப்பட்டவரை யாரோ ஒருவன் ஆபீசில் உட்கார்ந்தபடியே எடை போட்டு, துலுக்கானத்தைவிடக் குறைவு என்று சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறான்.

வேம்புலி காலி மாவுத் தூக்குகளோடு உள்ளே வந்தாள்.

"இன்னாய்யா, நாலு இட்லில ரெண்டு அப்டியே கீது?"

"பசிக்கல. ஆமா, இந்த இன்சூரன்ஸ் இன்னா கணக்கு?"

அவள் கை ஒரு நொடி நின்றது. "இன்னா கணக்கு? கடன வாங்கறது நானு, கட்டறது நானு. கையில குடுக்கறதுக்கு முன்னாடியே அவனுங்க கைய வெக்கறானுங்க. அது ஒரு கணக்கு. நீ துன்னு."

"இல்ல, ஆளுக்கு ஆள் வித்தியாசமா..."

"உனக்கு எதுக்குய்யா அந்தப் பேச்சு? போயி டிவிய பாரு."

அவள் தூக்குகளைக் கழுவ உட்கார்ந்தாள். ஜம்புலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை மட்டும் வேம்புலி தலையில் பூ வைப்பதில்லை. காலையில் குழுவில் ஒருத்தியான ஜரினா வீட்டில் கூட்டம். பூவும் பொட்டுமாகப் போனால், இவளுக்கு எதற்குக் கடன் என்று கம்பெனிக்காரன் நினைப்பானாம். சாமர்த்தியக்காரி என்று அவர் பல தடவை மெச்சியிருக்கிறார். இன்று மெச்சத் தோன்றவில்லை.

மறுநாள் எடைமேடைக் கூண்டிலிருந்து சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவன் கிஷோர். வேப்பம்பட்டிலிருந்து பைக்கில் வந்து திங்கள்தோறும் பழைய கடன்களின் தவணையை வசூல் செய்கிறவன். அவன் வருகிற நேரத்தில் ஜம்புலிங்கம் வேலையில் இருப்பார், அதனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

நான்தான் புருஷன், என் விலை என்ன என்று எந்த மனுஷனால் கேட்க முடியும்? சட்டென்று ஒரு யோசனை வந்தது. வேம்புலிக்கு உடன்பிறந்தது எல்லாம் அக்காக்கள். அண்ணன் இடம் காலியாகத்தான் இருந்தது.

"நான் வேம்புலியோட அண்ணன் பேசறேன் தம்பி."

"சொல்லுங்கண்ணே!" கிஷோரின் குரலில் உடனே ஒரு பாசம் வந்தது.

"அந்த இன்சூரன்ஸ்ல தங்கச்சி புருசனுக்கு எவ்ளோ போட்டுக்கிறீங்க?"

கிஷோர் தொண்டையைச் செருமுவது போனில் கேட்டது.

"அவருக்கு எதுவும் போடலியேண்ணே."

"எதுவுமேவா?"

"போட முடியாதுண்ணே. சிஸ்டம் எடுக்காது."

"துலுக்கானத்த மட்டும் எடுக்குதா?"

"அவருக்கு என்னண்ணே, நல்லா இருக்காரு. நானே ரெண்டு மூணு வாட்டி பார்த்தேன், கேரம் ஆடிட்டு இருந்தாரு." கிஷோர் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா தனியா நின்னு கஷ்டப்பட்டு மேல வர்றாங்க. அவர் பேச்சை எடுத்து அவங்க மனசை நோகடிக்காதீங்க. முடிஞ்சது முடிஞ்சதாவே இருக்கட்டும்."

ஜம்புலிங்கம் போனை வைத்தபோது, மேடையில் நின்ற ஜல்லி லாரி மூன்று முறை ஹாரன் அடித்திருந்தது.

தனியா நின்னாமே! மாதம் பதினெட்டாயிரம் சம்பளத்தைக் கவரோடு அவள் கையில் கொடுக்கிறவன் யார்? விடிகாலையில் அரிசி மூட்டையை இறக்கிக் கொடுக்கிறவன் யார்? இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் தன்னைப் பற்றி இவள் ஆபீசில் என்னதான் சொல்லி வைத்திருக்கிறாள்? அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஜல்லி லாரிக்காரனுக்கு நாற்பது கிலோ தப்பாக எழுதிக் கொடுத்தார். பத்து வருடத்தில் அது முதல் தடவை.

எடைமேடை முதலாளி செங்கல்வராயன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாடா ஜம்பு, ஒடம்பு சரியில்லியா?"

ஒரு சிநேகிதனுக்கு நடந்ததாக ஜம்புலிங்கம் விஷயத்தைச் சொன்னார். செங்கல்வராயனுக்கு ஏழு லாரி. இன்சூரன்ஸ் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் எண்ணம். கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட பைத்தியமே! ஜாஸ்தி பணம் புடிச்சா மரியாதயா? ஆபத்து ஜாஸ்தின்னு அர்த்தம்! பட்டாசு ஏத்தற லாரிக்கு ஜாஸ்தி வாங்குவான். உமி ஏத்தற லாரிக்குக் கம்மியா வாங்குவான். உன் சிநேகிதன் உமி லாரி. இப்போதிக்கு சாவ மாட்டான். அந்தப் பக்கத்து ஊட்டுக்காரன் கீறானே, அவன்தான் பட்டாசு லாரி. எப்ப வெடிப்பான்னு தெரியாது."

ஜம்புலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. உமி லாரி! இவ்வளவு சந்தோஷமான வார்த்தையை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கேரம் போர்டுக்குப் போனார்.

விஷயத்தை அவர் மெதுவாகத்தான் சொன்னார், அனுபவித்துச் சொன்னார். பட்டாசு லாரி என்கிற இடத்தில் துலுக்கானம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டப் போன விரலோடு அப்படியே நின்றான்.

"இன்னா மாமே சொல்ற?"

"நான் சொல்லல நைனா. கம்பெனி சொல்லுது. அவங்ககிட்ட கம்ப்யூட்டர் கீது."

அன்று இரவு ஜம்புலிங்கம் எட்டு இட்லி சாப்பிட்டார்.

துலுக்கானம் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் அவன் ஆவடிக்குப் போய்த் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டான். எல்லாம் சரியாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ரிப்போர்ட்டிலேயே வராத நோய் என்றால் அது எவ்வளவு பெரிய நோயாக இருக்க வேண்டும் என்று அவன் பயம் இரண்டு மடங்காயிற்று. கேழ்வரகுக் கஞ்சி மட்டும் குடித்தான். காவ்யாவைக் கூப்பிட்டு, தனக்குப் பிறகு கேரம் போர்டை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தான்.

காவ்யா அழுகிற ரகம் இல்லை. போன மாதம்தான் குழுவில் சேர்ந்தவள் என்றாலும், தெருவில் அவளுடைய குரல்தான் பெரியது. சீட்டை எடுத்துக்கொண்டு ஜரினா வீட்டுக்குப் போய் மற்ற நால்வரின் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். நான்கிலும் தொள்ளாயிரத்து அறுபது.

"உங்க நாலு பேருக்கும் ஒரு ரேட்டு, எனக்கு மட்டும் ஒரு ரேட்டா? இது இன்னா ஞாயம்? என் புருசன் மட்டும்தான் சாவப்போறானா? உங்க ஊட்டு ஆம்பளைங்க எல்லாம் சாகாவரம் வாங்கிகினு வந்தானுங்களா?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜரினாதான் வாயைத் திறந்தாள்.

"சத்தம் போடாத காவ்யா. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறு."

"ஒரே பேச்சுதான். ஒண்ணு, என் நானூத்தி அறுபத திருப்பிக் குடுக்கணும். இல்ல, நீங்களும் ஆயிரத்து நானூத்தி இருபது கட்டணும். ரெண்டும் இல்லன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்."

புதன்கிழமை சாயங்காலம் ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்தபோது வேம்புலி அடுப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"அஞ்சாயிரம் போச்சுய்யா. சனிக்கெழமக்குள்ள மீதி கட்டலன்னா கிரைண்டர வேற ஆளுக்குக் குடுத்துடுவானாம். அட்வான்சும் வராதாம். திருவேற்காட்டுக் கல்யாண ஆர்டருக்கு நாப்பது கிலோ மாவு ஒத்துக்கினேன். எதுல ஆட்டுவேன், என் தலையிலயா?"

"இன்னா ஆச்சு?" என்றார் ஜம்புலிங்கம். என்ன ஆயிற்று என்று பாதி தெருவே சொல்லிவிட்டிருந்தது.

"எவனோ ஒரு வேல வெட்டி இல்லாத நாயி, துலுக்கானத்துகிட்ட பட்டாசு லாரி, உமி லாரின்னு சொல்லிக்கிறான். யாருன்னு தெரியட்டும், அவன் நாக்க அறுத்து மாவுலயே போட்டு ஆட்டறேன்."

ஜம்புலிங்கம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். வேம்புலி அழுகிறாள் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அவள் சத்தமில்லாமல் அழுதாள். புகைவிட்ட கிரைண்டரை இரண்டு முறை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவள், கால் கடுக்கக் கடை கடையாக மாவு போடுகிறவள். தன் விலை எவ்வளவு என்கிற கேள்வி அவருக்கு அந்த நிமிஷம் மிகவும் அற்பமாகப் பட்டது.

"நான் வேணா அந்த ஆபீசுல போயி..."

வேம்புலி பதறி எழுந்தாள். "வோணாம்! நீ இதுல தலையிடாத. ஆபீசு பக்கம் கூட போவாத. அந்தக் கிஷோர் தம்பி கண்ணுல படவே படாத."

"ஏன்?"

"படாதன்னா படாத. வெள்ளிக்கெழமக்கு அப்பறம் சொல்றேன்."

தன்னை வெளியில் காட்டக்கூட வெட்கப்படுகிறாள் என்று ஜம்புலிங்கம் புரிந்துகொண்டார். வலித்தது. ஆனாலும் கெடுத்தவன் தான்தான், சரி செய்ய வேண்டியவனும் தான்தான். படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். காவ்யாவுக்கு என்ன வேண்டும்? எல்லோருக்கும் ஒரே ரேட்டு வேண்டும். அவளுடையதைக் குறைக்கக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. தன்னுடையதை ஏற்றி, அதே ரேட்டில் அவளுக்கு ஒரு துணையாவது காட்டினால்? எந்தக் கம்பெனி பணம் வேண்டாம் என்று சொல்லும்?

வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு, ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்த ஆபீசுக்குப் போனார். சட்டைப் பையில் நானூற்று அறுபது ரூபாய், தன் ஆதார் நகல்.

மேனேஜர் அரவிந்தன் கண்ணாடி போட்ட, மெலிந்த, நல்ல மனசு முகத்திலேயே தெரிகிற ஆள். பக்கத்தில் ஒரு பையோடு நின்றவன்தான் கிஷோர் என்று குரலிலிருந்து தெரிந்தது.

"நான் வேம்புலியோட அண்ணன். பேரு செங்கல்வராயன்." முதலாளியின் பெயர்தான் வாயில் வந்தது.

அரவிந்தன் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க சார், உட்காருங்க. கிஷோர் சொன்னான். உங்களை மாதிரி ஒருத்தர் கூட நிக்கிறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய பலம்!"

"அவ புருசனுக்கும் சேத்து இன்சூரன்ஸ் போடணும் சார். துலுக்கானத்துக்கு எவ்ளோவோ, அதே ரேட்டு."

அரவிந்தன் கிஷோரைப் பார்த்தார். கிஷோர் மின்விசிறியைப் பார்த்தான்.

"சார், உங்க தெருவை நினைச்சா எங்களுக்கே வருத்தமா இருக்கு. அஞ்சு பேர்ல ஒரு வீட்டு ஆம்பளைதான் தேறினாரு. ஹெட் ஆபீஸ்லயே கேட்டாங்க, அந்த ஏரியால தண்ணி சரியில்லையான்னு."

ஜம்புலிங்கத்துக்கு அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் பொங்கியது.

"இன்னா சார் தேறல? எவன் சார் தேறல? வேம்புலி புருசனுக்கு இன்னா கொறச்சல்? குத்துக்கல்லு மாதிரி கீறாரு! குடி கெடையாது, பீடி கெடையாது. பத்து வருசமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. சம்பளத்த கவரோட பொண்டாட்டி கையில குடுக்கற மனுசன். அவள உள்ளங்கையில வெச்சித் தாங்கறாரு. நேத்து அவ அழுததுக்கு அவரு ராத்திரி பூரா தூங்கல சார்!"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது.

அரவிந்தனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் குழப்பம், பிறகு ஆச்சரியம். கடைசியில் வாயெல்லாம் சிரிப்பு.

"அப்படியா சார்? நிஜமாவா? எவ்வளவு சந்தோஷமான விஷயம்! அவங்க எங்ககிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லலையே!"

"அவ எப்டி சார் சொல்லுவா? வெளிய சொல்றதுக்கே கூச்சப்படறா."

"இதுல கூச்சப்பட என்ன சார் இருக்கு இந்தக் காலத்துல?" அரவிந்தன் மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கிஷோர், பார்த்துக்கோ. மனுஷன்னா இப்படி இருக்கணும்."

இந்த நாற்காலிக்காரர்கள் எப்போது வைவார்கள், எப்போது பாராட்டுவார்கள் என்றே தெரியவில்லையே என்று ஜம்புலிங்கம் நினைத்தார். ஆனால் கை குலுக்கல் நன்றாக இருந்தது.

"அவரோட ஆதார் இருக்கா சார்?"

ஜம்புலிங்கம் நகலை நீட்டினார். அந்தப் படம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தது. அப்போது பெரிய மீசை, தலை நிறைய முடி. நகல் எடுத்ததில் மீசையும் முடியும் ஒன்றாகி, இரண்டு கண்கள் மட்டும் இருட்டிலிருந்து பார்த்தன. அதைக் கண்டு அவரை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. பெற்ற தாய் வந்தாலும் கொஞ்சம் யோசிப்பாள்.

அரவிந்தன் நகலைப் படித்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி நகலைப் பார்த்தார்.

"கிஷோர், பேரைப் பாரேன்."

கிஷோர் குனிந்து பார்த்துவிட்டு, "சார்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா சார், பேர்ல எதுனா தப்பா?"

"தப்பே இல்ல சார். சில விஷயம் இப்படித்தான் அமையும்." அரவிந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானூத்தி அறுபது கட்டிடுங்க. மத்ததெல்லாம் நாங்களே சரி பண்ணிடறோம், கூச்சப்படறவங்ககிட்ட நாளைக்கு ஒரு வார்த்தைகூட கேட்க மாட்டோம். பாக்கி மூணு பேருக்கும் உங்களை மாதிரி ஒரு அண்ணன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

புதுச் சீட்டு அச்சாகி வந்தது. இன்சூரன்ஸ்: ஆயிரத்து நானூற்று இருபது. ஜம்புலிங்கம் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்தார்.

அன்று மாலை அதைக் காவ்யாவிடம் காட்டினார்.

"பாத்துக்கோம்மா. எனக்கும் அதே ரேட்டு. வேம்புலிகிட்ட மட்டும் சொல்லிடாத."

காவ்யா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நீயும் சாவப்போறியாண்ணே?"

"ஆமாம்மா. நானும் உம் புருசனும் ஒண்ணாத்தான் போவோம்."

இது உள்ளே படுத்திருந்த துலுக்கானத்தின் காதில் விழுந்தது. தனியாகப் போக வேண்டியதில்லை என்றதும் அவனுக்குப் பாதி நோய் தீர்ந்தது. எழுந்து வந்து, "நாலு இட்லி இருந்தா குடு மாமே," என்றான். காவ்யா கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாள். திடீரென்று இவள் எப்படி அடங்கினாள் என்று வேம்புலிக்குப் புரியவில்லை. ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கிளம்பிவிடுவாளோ என்கிற பயம் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை ஜம்புலிங்கம் பத்து வருடத்தில் முதல் லீவு போட்டார். ஆபீசுக்குக் கீழே மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டார். கையில் வாழையிலையில் சுற்றிய இரண்டு முழம் மல்லி. பணம் வந்த கையோடு அவள் தலையில் வைத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும், உமி லாரி உட்பட. நாக்கை அறுத்தால் அறுக்கட்டும்.

பதினொன்றரை மணிக்கு ஐந்து பெண்களும் மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். வேம்புலிதான் முன்னால் வந்தாள். பூ இல்லை, பொட்டு இல்லை, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடியிருந்தாள். ஆனால் முகம் அப்படி ஜொலித்தது. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பணம் ஏறிவிட்டது!

ஜம்புலிங்கத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யோவ்! நீ இன்னாத்துக்கு இங்க வந்த? போ, போயிடு!"

"ஏன் போவணும்? எல்லாம் நான்தான் சரி பண்ணேன். கேளு வேம்புலி, இன்னியிலருந்து நானும் துலுக்கானமும் ஒரே எடை."

"இன்னா பண்ண நீ? மேல போனியா? யாரப் பாத்த?" அவள் அவர் கையைப் பிடித்து ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் இழுத்தாள். பின்னால் ஜரினாவும் மற்ற இருவரும் திடீரென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மருந்துக் கடையில் எதையோ விலை கேட்டார்கள்.

"அண்ணே! செங்கல்வராயன் அண்ணே! நில்லுங்க!"

மாடியிலிருந்து கிஷோர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். ஒரு கையில் இனிப்பு டப்பா, இன்னொரு கையில் ஜரிகை போட்ட சால்வை. வேம்புலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூ கூட வாங்கிட்டு வந்துட்டீங்களாண்ணே!" என்று நெகிழ்ந்துபோனவன், ஜம்புலிங்கத்தின் தோளில் சால்வையைப் போர்த்தி, குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னான்:

"மேனேஜர் சார் உங்களுக்குப் போர்த்தச் சொன்னாருண்ணே, முதல் புருஷன் செத்து மூணே வருஷத்துல, அதே ஜம்புலிங்கம்ங்கிற பேர்லயே இன்னொரு மாப்பிள்ளையத் தேடிப் புடிச்சுத் தங்கச்சிக்குக் கட்டி வெச்ச அண்ணனை எங்க கம்பெனியிலயே யாரும் பார்த்ததில்லையாம்!"